ஆமாம், கயிறு கட்டியிருந்தேன்!

போன செவ்வாய்க்கிழமை, அரியலூர் பஸ் ஸ்டாண்டு. ஜெயங்கொண்டம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீச்சர்... டீச்சர்... கையக் கொஞ்சம் காட்டுங்க!"

திரும்பினால், நடுவயதுக்காரர் ஒருவர். நம் பத்திரிகையை நாலாக மடித்து, சரியாக இந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி பிடித்திருக்கிறார். வாசகர் கேட்டு இல்லை என்பதா? இடது கையைக் காட்டினேன்.

"அது இல்லீங்க. வலது கை."

அதையும் காட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அவுத்துட்டீங்களா? ஆஸ்பத்திரியில மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டுப் படுத்திருந்தீங்கன்னு சொன்னாங்களே! கேட்டதும் எங்க வூட்டுக்காரம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம். எத்தன வருஷமா சாமி இல்ல, சாத்திரம் இல்ல, கயிறு இல்லன்னு எழுதி எங்களப் போட்டு வறுத்தெடுத்தீங்க... கடைசியில உசுருன்னு வந்ததும் நீங்களும் கட்டிக்கிட்டீங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று அந்தக் கண்டக்டருக்கே தெரியாது. ஏறிவிட்டேன். பதில் பாக்கி நின்றுவிட்டது.

பதில் இதோ. ஆமாம் சார், கட்டியிருந்தேன். மஞ்சள் கயிறுதான். நடுவில் ஒரு கொட்டைகூட இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் கேட்டதுதான் கேட்டீர்கள், முழுவதையும் கேளுங்கள்.

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணாததற்குக் காரணம், குடல்வால். ஒரு ராத்திரி வலித்தது, மறுநாள் அறுத்தாக வேண்டும் என்றார்கள். என் தங்கை கயல்விழியின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் கல்யாணத்தை நடத்த வேண்டியவள் நான். குடல்வால் நாள் பார்த்துத்தான் வரும் போலிருக்கிறது!

அது சாதாரணக் கல்யாணமும் இல்லை. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொள்வதோடு சரி. என் கல்யாணமும் அப்படி நடந்ததுதான். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டுவிட்டார். அவருடைய அம்மா பவுனம்மாள் ஆண்டிமடத்துக்காரர். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, முந்திரிக்காட்டைத் தனியாளாகக் கட்டிக் காத்து, பிள்ளையைப் படிக்க வைத்தவர். அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதுவும் அரை மனசு. "என்னமோ பண்ணுங்க... ஊரு வாய என்னால மூட முடியாது" என்றார். அந்த அரை மனசுச் சம்மதத்தை நம்பித்தான் மண்டபம் பிடித்திருந்தோம்.

தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் வந்தார்.

"தாலியக் கழட்டிக் குடுத்துருங்கம்மா."

"இல்லைங்க."

"கழட்ட மாட்டீங்களா?"

"இருந்தாத்தானே கழட்டுறதுக்கு!"

நர்ஸ் என் கழுத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற என் துணைவரைப் பார்த்தார். மறுபடி என் கழுத்தைப் பார்த்தார். நான் தியேட்டரிலிருந்து திரும்பி வருவதற்குள் விஷயம் வார்டு முழுக்கப் பரவியிருந்தது.

மயக்கம் தெளிந்ததும் ஆரம்பித்தது வாந்தி. மயக்கத்துக்குக் கொடுத்த ஈதரின் வாசனை மூக்கிலேயே குடியிருந்தது. தண்ணீர் என்று யாராவது சொன்னாலே குமட்டல். வெறும் வயிற்றோடு ஓங்கரித்தவர்களுக்குத் தெரியும் — வெளியே ஒன்றும் வராது, உயிர் மட்டும் தொண்டை வரை வந்து திரும்பும். அதுவும் வயிற்றில் புதுத் தையலோடு! வாந்தி நிற்க ஓர் ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. "இப்படியே போச்சுன்னா தையல் பிரிஞ்சுடும்" என்று சர்ஜன் நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பயந்தேனா? நன்றாகவே பயந்தேன்.

வார்டுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. தாலி இல்லாமல் தியேட்டருக்குள் போனால் வேறு என்ன ஆகும்? ஒருவர் திருநீறு கொண்டுவந்தார். ஒருவர் எலுமிச்சம்பழத்தை என் தலையைச் சுற்றி வெளியே எறிந்துவிட்டு வந்தார். பக்கத்துக் கட்டிலில் அரும்பாவூர் அம்மா ஒருவர். தன் கையிலிருந்த மந்திரித்த கயிற்றையே அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"கட்டிக்கம்மா. நான் ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் அதை ரகசியமாகச் சொன்னது எதிர்வரிசைக் கட்டில் வரை கேட்டது. நல்ல மனசுதான், எனக்குக் கண்கூடக் கலங்கியது. ஆனால் கயிறு வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டியதில் இன்னொரு வாந்தி.

அப்போதுதான் மயக்க மருந்து கொடுத்த டாக்டர் வந்தார். ஆபரேஷன் இருக்கும் நாளில் மட்டும் திருச்சியிலிருந்து வருபவர். பையிலிருந்து ஒரு தட்டையான டப்பாவை எடுத்தார். உள்ளே மயிரிழை மாதிரி ஊசிகள்.

"அக்குபங்சர். கேள்விப்பட்டிருக்கீங்களாம்மா? சீனாக்காரங்க வைத்தியம்."

"இங்க உள்ள மந்திரம் பத்தாதுன்னு... சீன மந்திரம் வேறயா டாக்டர்?" என்றேன், கிண்ணத்திலிருந்து தலையை எடுக்காமலே.

சிரித்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

"இது எப்படி வேலை செய்யுது?"

"முழுசாத் தெரியாதும்மா. மணிக்கட்டுல இந்த எடத்துல குத்துனா நெறையப் பேருக்குக் குமட்டல் அடங்குது. சில பேருக்கு அடங்கல. உங்களுக்கு எப்படின்னு குத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"நம்பிக்கை வேணுமோ?"

"நம்பவே வேணாம். கைய மட்டும் நீட்டுங்க."

என் வாழ்க்கையில் எத்தனையோ வைத்தியர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொன்ன வைத்தியர் இவர் ஒருவர்தான். நீட்டினேன். இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததால், வலது கையை.

மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் அளந்தார் — அவர் விரலால் அல்ல, என் விரலால். கையை இறுக்கினால் புடைத்துக்கொண்டு தெரியும் இரண்டு நரம்புகளுக்கு நடுவே ஊசியை இறக்கி, லேசாகத் திருகினார். சுருக்கென்று இல்லை. கனமான, மந்தமான ஒரு வலி உள்ளங்கைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்... நான் வாந்தியைத் தவிர வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். கயலின் கல்யாணப் பத்திரிகையில் விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தை!

ஊசியால் நின்றதா, நிற்கிற நேரம் வந்து தானாக நின்றதா? தெரியாது. ஒருத்தி வயிற்றில் ஒரு தடவை நடந்ததை வைத்துச் சட்டம் போட நான் தயாராக இல்லை. நின்றது. அன்றைக்கு எனக்கு அது போதும்.

டாக்டர் திருச்சிக்குக் கிளம்ப வேண்டும். ஊசியைக் கையிலேயே விட்டுவிட்டுப் போக முடியுமா? அதே இடத்தில் அழுத்தம் கொடுக்க உருண்டையாக, கெட்டியாக ஏதாவது வேண்டும் என்றார். நர்ஸ் சமையல் கட்டிலிருந்து ஒரு புளியங்கொட்டை கொண்டுவந்தார். கட்டுவதற்குக் கிடைத்தது, புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தில் நனைத்துக் காயவைத்த துணி. அதைக் கயிறு மாதிரி திரித்துக் கட்டினார் டாக்டர். கயல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப அவுக்கலாம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"கஞ்சி குடிச்சு, அது உள்ள தங்கிருச்சுன்னா அவுத்துத் தூக்கிப் போட்ருங்க. அதுக்கு மேல இது எதுக்கு?"

என் மணிக்கட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டு, நடுவில் ஒரு கொட்டை. அரும்பாவூர் அம்மா எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் வந்தார் பவுனம்மாள். கூடையில் ரொட்டி, ஆரஞ்சு, ஒரு படி முந்திரிப்பருப்பு. வாந்தி எடுப்பவளுக்கு முந்திரிப்பருப்பு! ஆனால் ஆண்டிமடத்துக்காரர்கள் வேறு எதைக் கொண்டுவந்தாலும் அது மரியாதை ஆகாது. கூடையை வைத்தவர் என் கையைப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னா டீச்சர், நீங்களே கட்டிக்கிட்டீங்களா!"

"இது வைத்தியம் அத்தை. டாக்டர் கட்டுனது."

"டாக்டரு கட்டுனா என்ன, பூசாரி கட்டுனா என்ன? கயிறு கயிறுதானே. சரி வுடுங்க, எனக்கு இப்பத்தான் மனசு ஆறுச்சு. போற வழியில ஆசாரிகிட்ட சொல்லிட்டுப் போறேன். கயலு கழுத்துல சின்னதா ஒரு தாலி. நீங்களே கட்டிக்கிட்ட அப்புறம் அவ கட்டிக்கிறதுல என்ன தப்பு?"

எனக்கு வந்ததே கோபம்! ஒரு மாதப் பேச்சு ஒரு புளியங்கொட்டையில் போயிற்றே. பல்லால் கடித்து முடிச்சை இழுத்து, அந்தக் கட்டைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன்.

"இந்தா, இதுக்கு மேல கயிறுன்னு யாரும் சொல்லக்கூடா..."

வாக்கியம் முடியவில்லை. வாந்தி வந்துவிட்டது. ஊசிக்குப் பிறகு வராத வாந்தி!

"பாத்தீங்களா? அவுத்ததும் வந்துடுச்சு!" என்றார் பவுனம்மாள் வார்டைப் பார்த்து. வார்டே தலையாட்டியது. எனக்குச் சாகலாம் போலிருந்தது — வலியால் அல்ல, என் வயிறே என் தங்கையைக் காட்டிக் கொடுத்துவிட்டதே என்ற ஆத்திரத்தில். கோபத்தில் எழுந்து கத்தினால் யாருக்குத்தான் குமட்டாது? அதைச் சொல்ல வாய் காலியாக இல்லை.

கயல் குனிந்து அந்தக் கட்டைப் பொறுக்கினாள். கொட்டையைத் துடைத்தாள். மூன்று விரல் அளந்து, பழைய இடத்தில் வைத்து, இறுக்கிக் கட்டினாள்.

"படுக்கா" என்றாள். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் எனக்கு, கேட்பது முழுவதும் அவளுக்கு.

இரண்டு நாளில் கஞ்சி தங்கியது. அன்றே கயல் கட்டை அவிழ்த்தாள், கொட்டையை ஜன்னல் வழியாக எறிந்தாள். நான் படுத்தபடியே கல்யாண மேடையில் பேச ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். பவுனம்மாள் ஒரு வார்த்தை பேசினால், நான் நூறு வார்த்தை.

உடையார்பாளையத்தில் கல்யாணம். மேடையில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள், தையல் ராணி என்று! மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பவுனம்மாள். புருஷன் இல்லாதவர் என்று எல்லாக் கல்யாணங்களிலும் பின்னால் உட்காரவைக்கப்பட்டவர். இந்தக் கல்யாணத்தில் அவர் கையால்தான் மாலை வாங்குவேன் என்று கயல் முன்பே சொல்லியிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பவுனம்மாள் தட்டோடு வந்தார். இரண்டு மாலை. மாலைக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிறு, அதில் தங்கம்.

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தன் கால் விரல்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"ஒன் அக்காவே கட்டிக்கிட்டாங்க கண்ணு. நீ மட்டும் என்ன? கழுத்தக் காட்டு."

மைக் அதைப் பிடித்து மண்டபம் முழுக்கச் சொன்னது. நான் எழுந்தேன். தையல் இழுத்தது. நூறு வார்த்தையும் தொண்டைக்கு வந்துவிட்டன. கயல் என் தோளில் கைவைத்து உட்கார்த்திவிட்டாள்.

"அத்தை, அக்கா கையில கட்டுனப்ப எப்ப அவுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. கஞ்சி தங்குனதும் அவுத்துட்டோம். இத எப்ப அவுக்கலாம்? சொல்லுங்க, கட்டிக்கிறேன்."

மெதுவாகத்தான் கேட்டாள். மைக் அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது.

எப்போது அவிழ்ப்பார்கள் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். பவுனம்மாளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் கழுத்திலிருந்து அதை எடுத்தவர்கள்தான் அதற்குப் பிறகு அவரை எந்த மேடையிலும் ஏறவிடவில்லை. அதைக் கல்யாண மேடையில் நின்று, தன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் தாய் வாயால் சொல்வாள்?

 பவுனம்மாளின் கை தன்னை அறியாமல் தன் வெறுங்கழுத்துக்குப் போனது.  கயல் இப்படிக் கேட்டிருக்க வேண்டாமே என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது.

"நல்ல நாளும் அதுவுமா அத என் வாயால சொல்ல வெக்காத கண்ணு" என்றார். தாலியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு பிள்ளையைப் பார்த்து ஒரு அதட்டல்.

"என்னாடா பாத்துகிட்டு நிக்கிற? மாலையப் போடுடா!"

போட்டார். கை தட்டினோம். என் நூறு வார்த்தைப் பிரசங்கம் இன்னமும் வயிற்றிலேயே கிடக்கிறது — அதை அறுத்து எடுத்தாக வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு சார்... என் கையைப் பார்த்தீர்களே, உங்கள் கையை நானும் பார்த்தேன். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, நிறம் போய் என்ன நிறம் என்றே தெரியாத ஒன்று.

என்னுடையதை அவிழ்த்தாயிற்று. உங்களுக்குக் கட்டிவிட்டவர்கள், எப்போது அவிழ்க்கலாம் என்று ஏதாவது சொன்னார்களா?