குறட்டை உண்டா, இல்லையா?

போன வாரம் என் மனைவி வசந்தாவுக்கு எண்டோஸ்கோப்பி. பல மாதமாக நெஞ்செரிச்சல். குழாயை நினைத்தாலே அவளுக்கு உதறல் என்பதால், மயக்கம் கொடுத்தே செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

பூந்தமல்லிப் பக்கம் ஆஸ்பத்திரி. ஐயப்பன்தாங்கலில் இருந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாங்காட்டுச் சம்பந்தியம்மா அங்கே ஆஜர். மகளின் மாமியார்... நல்ல மனுஷி. வரவேண்டாம் என்றால் கேட்பாரா?

நர்ஸ் ஒரு ஃபார்மோடு வந்தார். சுகர் உண்டா? ஆடுகிற பல் உண்டா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? வசந்தா டாண் டாண் என்று பதில் சொன்னாள். அடுத்து, தூக்கத்தில் குறட்டை விடுவீர்களா என்றார் நர்ஸ்.

வசந்தா சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அந்தப் பார்வை புரியாதா?

"சேச்சே... அதெல்லாம் இவர்தான் சிஸ்டர்" என்றாள். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். எல்லோரும் சிரித்தோம். ஃபார்மில் 'இல்லை' என்று விழுந்தது.

உண்மை என்ன? அவள் குறட்டைக்கு எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் ஆம்பளை விட்டால் அலுப்பு, பொம்பளை விட்டால் அவமானம். அதுவும் சம்பந்தி முன்னால்!

அவளை உள்ளே அழைத்துப் போனபிறகுதான் எனக்கு உறுத்தியது. வயிற்றைப் பார்ப்பதற்குக் குறட்டைக் கணக்கு எதற்கு? வாசலில் நின்ற வயதான அட்டெண்டரிடம் கேட்டேன்.

"மயக்கம் குட்தா தொண்ட தளந்துபூடும் சார். கொறட்ட வுடறவங்களுக்கு மூச்சு அடைச்சிக்கும். ஆக்சிஜன் எறங்கிடும். சும்மாவா கேட்டுகினு கீறாங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. கௌரவமாவது ஒன்றாவது! கதவைத் தட்டினேன். மயக்க மருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். நல்லவேளை, இன்னும் மருந்து போடவில்லை.

"டாக்டர், அவ குறட்டை விடுவா. பொய் சொல்லிட்டோம்."

அவர் திட்டவில்லை. நடுவில் மூச்சு நின்று நின்று வருமா என்று மட்டும் கேட்டார். வரும்... எத்தனையோ முறை பயந்துபோய்த் தட்டி எழுப்பியிருக்கிறேன் என்றேன். முதலிலிருந்தே கூடுதலாக ஆக்சிஜன் வைப்பதாகவும், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதாகவும், ஆக்சிஜன் அளவை மட்டும் பார்க்க ஒருவரை நிறுத்துவதாகவும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இருபது நிமிஷம். நான் வேண்டாத சாமி இல்லை. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தத் தலையாட்டலை நான் எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பேன்?

டாக்டரம்மா வெளியே வந்தார். "நடுவுல ஒரு தடவை ஆக்சிஜன் இறங்குச்சு. தாடையைத் தூக்கிப் பிடிச்சதும் ஏறிடுச்சு. தெரிஞ்சிருந்ததால ரெடியா இருந்தோம். நல்லா இருக்காங்க."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். வயிற்றில் சின்னப் புண்தானாம், மாத்திரையே போதுமாம். அதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. மூச்சு விடுகிறாள்... எனக்கு அது போதும்.

அரை மயக்கத்தில் வசந்தா கேட்ட முதல் கேள்வி, "சம்பந்தியம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

தெரியாமலா? எல்லாவற்றையும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த சம்பந்தியம்மா என்னைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, அடுத்த வாரம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் இருக்குல்ல... நானும் 'இல்லை'ன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அன்றைக்கே போன் போட்டுத் திருத்தியாகிவிட்டது. சரி... உங்கள் வீட்டு ஃபார்மில் என்ன எழுதியிருக்கிறது?