அற்புதசாமியின் வயிற்றுவலி மிக்சர்

அற்புதசாமி காகிதத்தை நீளவாக்கில் மடித்து, ஓரத்தைக் கத்தரியால் கொத்திக்கொண்டிருந்தார். பிரித்தால் ரம்பப் பல் மாதிரி ஆறு பல் வரும். அதில் பசை தடவி மருந்துப் புட்டியின் முதுகில் ஒட்டிவிட்டால் ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவனும் அளவு தப்பாமல் குடிக்கலாம். குடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால்.

1956இல், காந்தி மார்க்கெட்டை ஒட்டி டாக்டர் யதிராஜன் வைத்திருந்த டிஸ்பென்சரியில் அவர்தான் கம்பவுண்டர். யுத்தகாலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் புண் கழுவி, கட்டுப் போட்டு, மருந்து கலக்கக் கற்றவர். பாலக்கரையில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை தவறமாட்டார். பீடி, வெற்றிலை கிடையாது. சாராயம் என்ற சொல்லைக்கூட வாயில் வைக்கமாட்டார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், தன் கை ராசியான கை என்று நம்பியதுதான்.

வயிற்றுவலி மிக்சருக்கு டாக்டர் எழுதிவைத்த அளவு சுவரிலேயே ஒட்டியிருந்தது. சோடா உப்பு, ஓமத் தண்ணீர், வேளைக்குப் பத்துச் சொட்டு இஞ்சி டிங்சர். டிங்சர் என்றால் இஞ்சியைச் சாராயச் சத்தில் ஊறவைத்து இறக்குவது. இது அற்புதசாமிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தது ஒரு பக்கம், கை போனது ஒரு பக்கம். ஒருநாள் அவசரத்தில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டார். மூட்டை தூக்கும் மூக்கன் மறுநாளே வந்து, "அண்ணே, போன தடவைக்கு இந்தத் தடவை மருந்து நல்லாப் புடிச்சிச்சுண்ணே. அது மருந்து இல்லண்ணே, உங்க கை!" என்றான். அன்றிலிருந்து சொட்டு போய் ஊற்று வந்தது.

அது மதுவிலக்குக் காலம். கள்ளுக்கடை இருந்த இடங்களில் காப்பிக்கடை நடந்தது. மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்களுக்கோ திடீரென்று வயிறு கெட்டுப்போனது. காலையில் நன்றாக இருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு டாக்டர் ஸ்ரீரங்கம் பஸ் ஏறியதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் புட்டியோடு வரிசையில் நிற்பார்கள்.

"ஆறு வேளைக்குக் குடிக்கணும்டா, ஒரே மூச்சுல குடிக்காதே!"

"வலி அவ்வளவு கடுமைண்ணே. ஆறு வேளை தாங்காது."

குடித்தபின் வாசலிலேயே உட்கார்ந்து பாடுவார்கள். வாயு பிரிகிறது என்று அற்புதசாமி அதற்கு விளக்கம் வைத்திருந்தார்.

நோயாளிக் கூட்டம் சேருவதைக் கேள்விப்பட்ட டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மத்தியானம், "எங்க மாமனாருக்கு வயிறு உப்புசம். உம்ம கையால ஒரு புட்டி கலந்து குடும்" என்றார். மாமனார் ராஜகோபாலன், ஸ்ரீரங்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சிரித்ததே கிடையாது என்று பெயர் எடுத்தவர். பெரிய இடத்துக்குப் போகும் மருந்தல்லவா? அற்புதசாமி ஒரு கை தாராளமாகவே ஊற்றினார்.

அன்று மாலை டாக்டர் புட்டியோடு பஸ் ஏறிய பிறகு, அற்புதசாமியின் மனைவி அமிர்தம் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்தாள். வாசலில் மூக்கன் தூணைக் கட்டிக்கொண்டு அதற்கு நல்ல புத்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவனுக்கு என்ன?"

"வயித்துவலி. நம்ம மருந்துலதான் ஆறுது."

"எங்கப்பாவுக்கும் இதே வயித்துவலிதாங்க. பொழுது சாஞ்சா வரும். இப்படித்தான் தூணோட பேசுவாரு. அந்த மருந்த நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

குடித்துப் பார்த்தார். ஒரே ஒரு கரண்டி. காதுமடல் சூடானது. முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் ஸ்ரீரங்கம் போன புட்டி நினைவுக்கு வந்தது. மாமனாருக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்த கம்பவுண்டரை எந்த டாக்டர் வேலையில் வைத்துக்கொள்வார்? கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சாமி கும்புட அப்புறம் நேரம் இருக்கு. சரியான அளவுல வேற புட்டி கலந்துகிட்டு சைக்கிள எடுங்க" என்றாள் அமிர்தம்.

காவேரிப் பாலத்தை அவர் அத்தனை வேகமாக அதற்குமுன் கடந்ததில்லை. வடக்குச் சித்திரை வீதிக்குள் திரும்பியதுமே தெரிந்துவிட்டது, புட்டி முந்திக்கொண்டது என்று. ராஜகோபாலன் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுப் பசுமாட்டுக்கு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் விளக்கிக்கொண்டிருந்தார். மாடு தலையை ஆட்டியது.

"பாத்தியா, இவளுக்குப் புரிஞ்சுடுத்து! முப்பது வருஷம் பசங்களுக்குப் புரியலை" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் மனைவி ரங்கம்மா ஓடிவந்தார். "நீங்கதானே கம்பவுண்டர்? நாலு வேளை மருந்தை ஒரே வேளையாச் சாப்பிட்டுட்டார். இந்த மனுஷர் சிரிச்சு நான் பார்த்ததில்லை. என்ன மருந்து ஸ்வாமி இது?"

"புட்டி மாறிப்போச்சுங்கம்மா. இதுதான் உங்க மருந்து" என்று அற்புதசாமி புதிய புட்டியை நீட்டினார். ராஜகோபாலன் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் பழையபடி இறுகிவிட்டது.

"இதுல சாரமே இல்லையே. அந்தப் புட்டியைக் கொண்டா, ரங்கம்மா."

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் கோயிலிலிருந்து வந்து சேர்ந்தார். மாமனாரைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பழைய புட்டியை முகர்ந்தார்.

"எத்தனை சொட்டு விட்டீர்?"

"பத்துன்னு எழுதியிருந்தீங்கய்யா."

"நான் எழுதினது எனக்குத் தெரியும். நீர் விட்டது எத்தனை?"

"சொட்டு இல்லீங்கய்யா. ஊத்தினேன்."

"யதிராஜா," என்றார் ராஜகோபாலன், கம்பவுண்டரின் தோளில் கைபோட்டு, "ராசியான கை. இவரை விட்டுடாதே."

இத்தனை வருடமாக அற்புதசாமி கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. இந்த நேரத்திலா வரவேண்டும்?

"காலம்பற ஏழு மணிக்கு வாரும். பேசிக்கலாம்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகத் தயாராகத்தான் வந்தார். மேஜையில் ஒரு பெரிய டின் விளக்கெண்ணெயும் அவுன்ஸ் கிளாஸும் இருந்தன. வாசல் பலகையில் டாக்டர் எழுதியிருந்தார்: வயிற்றுவலிக்காரர்கள் முதலில் ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெயை இங்கேயே நின்று குடிக்க வேண்டும். மிக்சர் அதற்குப் பிறகு.

"அய்யா, என் வேலை?"

"ஆளை மாத்தறது சுலபம். நாற்பது பேருக்கு நீர் பழக்கினதை வேற எவன் வந்து மாத்துவான்? நீரே ஊத்தும். இனிமே டிங்சரைச் சொட்டுச் சொட்டா வாய்விட்டு எண்ணணும். உள்ளே எனக்குக் காதுல விழணும்."

மருந்து மாறுகிறதாம் என்ற சேதி கேட்டு, காலையிலேயே மூக்கன் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தான். பலகையை ஒருவனைப் படிக்கச் சொன்னான். டின்னைப் பார்த்தான்.

"அண்ணே, இப்ப வலி வயித்துல இல்லண்ணே. முழங்கால்ல."

"அதுக்கும் இதுதான்டா முதல்ல."

"அப்ப முழங்காலும் நல்லாயிருச்சுண்ணே."

வரிசை கரைந்தது. வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு ஸ்ரீரங்கம் பஸ்ஸிலிருந்து ராஜகோபாலன் இறங்கினார், கையில் காலிப் புட்டியோடு. பலகையை நிதானமாகப் படித்தார். அவுன்ஸ் கிளாஸை எடுத்து, ஒரு சுளிப்பில்லாமல் எண்ணெயைக் குடித்து, அங்கவஸ்திரத்தால் வாயைத் துடைத்துக்கொண்டு, புட்டியை நீட்டினார்.

அற்புதசாமி எண்ண ஆரம்பித்தார். ஆறு வேளைக்கு அறுபது சொட்டு. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"...ஐம்பத்தொன்பது, அறுபது."

"அறுபத்தொண்ணு" என்றார் வாத்தியார்.

"அறுபதுதான், மாமா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

விளக்கெண்ணெய் குடித்தவரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது யாருக்கும் நல்லதல்ல. அற்புதசாமி புட்டியை மூடிக் கையில் கொடுத்து, தெருவில் போன ஜட்கா வண்டியை நிறுத்தி அவரை ஏற்றிவிட்டார். குதிரை எவ்வளவு வேகமாகப் போகும் என்று வண்டிக்காரனிடம் கேட்டார். அதற்கும் மேலே ஓட்டச் சொன்னார்.