திறக்கக் கூடாத பாட்டில்

போன வாரம் மதுரை விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனையில் நின்ற பெண் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, "திறந்து கொட்டிட்டு வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் இப்படி ஒரு பாட்டிலைத் திறக்கவே மாட்டேன் என்று பஸ்ஸையே நிறுத்தி வைத்தவள் நான்.

படிப்பு முடிந்து, காரைக்குடியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊர் ஊராகப் போய்க் குடிதண்ணீரைப் பிடித்து வர வேண்டும். பாட்டில் ஆவியில் அவித்துச் சுத்தமாக்கியது. வாயில் விரல் படக் கூடாது. விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மூடிவிட்டால் வழியில் திறக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எல்லாம் மனப்பாடம். ஆனால் முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே தூசி இருக்குமோ என்று பாட்டிலில் வாய் வைத்து ஊதினேன். அதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

"அப்ப உங்க வாயில இருக்குற கிருமியத்தான் எண்ணணும்" என்றார் மேலாளர்.

அந்த வீணாய்ப்போன பாட்டில் பாண்டியம்மாள் ஊர்த் தண்ணீர். பாண்டியம்மாள் அங்கே பால்வாடியில் சமைப்பவர். பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. குழாய்த் தண்ணீரில்தான் கோளாறு என்று அவர் சொல்ல, சமையலில்தான் கோளாறு என்று ஊரில் பேசினார்கள். இன்னொரு முறை பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்தும் இருந்தார்கள். இரண்டாவது தடவை தண்ணீர் பிடித்து வரும்போது, கோவிலூர் தாண்டி பஸ் நின்றுபோய் ஆறு மணி நேரம் கடந்துவிட்டது. அதுவும் வீண்.

மூன்றாவது முறை பாண்டியம்மாளே என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். படியில் கால் வைத்ததும் கண்டக்டர் மறித்தார்.

"பெட்டியில என்ன?"

"தண்ணி."

"தொறந்து காட்டுங்க. ஆசிட்டு, பெட்ரோலு எதையும் ஏத்த மாட்டேன்."

பெட்டியைத் திறந்தேன். பாட்டிலையும் திறந்து மோந்து பார்க்க வேண்டும் என்றார். முடியாது என்றேன். அவருக்கு அவர் விதி, எனக்கு என் விதி. டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

பாண்டியம்மாள் முன்னால் வந்தார். "ஏப்பா, அதத் தொறந்தா எம்பொழப்பு போச்சு. பஸ்ஸு எரிஞ்சுரும்னு பயப்படுறீக. இந்தத் தண்ணியத்தான் எங்க பிள்ளைக தினமும் குடிக்குது. அதுக்கு யாரு பயப்படுறீக?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "ஏறுங்க" என்றார். முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி என்னை உட்கார வைத்து, "பெட்டிய மடியில வச்சுக்கிருங்க, ஆடாம இருக்கும்" என்றும் சொன்னார்.

கூடத்தில் பெட்டியை இறக்கியபோது ஆறு மணி நேரத்துக்கு நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது!

முடிவு வந்தபோது தண்ணீரில் சாக்கடைக் கிருமி. ரோட்டைத் தோண்டிப் பார்த்தால், சாக்கடைக்குள்ளேயே ஓடிய குழாயில் விரல் நுழைகிற ஓட்டை. குழாயை மாற்றினார்கள். பழி சொன்னவர்களே பால்வாடி வாசலுக்கு வந்து பாண்டியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார்களாம். அந்த வாரமே அவர் தூக்குவாளி நிறையப் பருப்புப் பாயசத்தோடு எங்கள் கூடத்துக்கு வந்தார். அதே பஸ்ஸில், அதே கண்டக்டருக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு.

"எங்கையால காச்சுனது. தைரியமாக் குடிங்க தாயி" என்றார். மேலாளர் இரண்டு டம்ளர் குடித்தார். நான் கணக்கில்லாமல் குடித்தேன்.

இப்போது தண்ணீரை அங்கேயே சோதித்துப் பார்க்க அந்த ஊருக்குப் பரிசோதனைப் பெட்டியே போய்விடுகிறது. ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறுபவர்கள் குறைந்துவிட்டார்கள். சென்ற ஆண்டு அங்கே போயிருந்தேன். அந்தக் காலத்தில் மழை தொடங்கும் நாட்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் 'பேதி மாசம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணிடம் அதைச் சொல்லி விசாரித்தேன்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அப்படின்னா என்னங்க?" என்றாள்.