கிழக்கே வைத்த அடுப்பு

தாம்பரத்து மே மாத வெயிலில் காற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம், கடல்காற்றும் நிலக்காற்றும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அத்தையைப் பெண் பார்க்கக் கடலோரச் சாந்தோமிலிருந்து வருகிறார்கள். பிடித்திருந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். முன்பு வந்த இரண்டு கூட்டமும் காப்பியோடு எழுந்துவிட்டது. இருந்தும் அப்பா துணிந்து பிரியாணிக்கு ஆள் வைத்துவிட்டார். இவர்களும் எழுந்து போனால் அண்டா முழுவதும் எனக்குத்தான் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

"தம்பி, காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு. அடுப்பு வைக்கணும்" என்றார் சமையல்காரர்.

ஒரு பிடி மண்ணைத் தூவினேன். கிழக்கே பறந்தது. பகலில் காற்று கடலிலிருந்து வரும் என்றது புத்தகம். மண்ணோ கடலை நோக்கிப் போகிறது! எழுதியவர் தாம்பரம் பக்கமே வந்ததில்லை என்று முடிவுகட்டி, பந்தலுக்குக் கிழக்கே அடுப்பைப் போடச் சொன்னேன்.

மதியம் விருந்தாளிகள் பந்தலில் உட்கார்ந்தார்கள். அத்தை காப்பித் தட்டோடு வந்தாள். காலையெல்லாம் காய்ந்த தரையின் மேலிருந்த காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்தைப் பிடிக்கக் கடல் மேல் கனத்துக் கிடந்த குளிர்ந்த காற்று அப்போதுதான் வந்து சேர்ந்தது. அதுவும் சாந்தோம் பக்கத்து ஆள்தான். மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வந்தார்கள். அது நடந்து வந்ததால் கொஞ்சம் தாமதம்.

புகை மொத்தமும் பந்தலுக்குள் திரும்பியது. மாப்பிள்ளை இருமினார். அவருடைய அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்காலியைத் தேடினார், உட்கார்ந்திருந்த நாற்காலியையே.

"அடுப்ப அங்க வைக்கச் சொன்னது யாரு?" என்று அப்பா கத்தினார்.

"உங்க புள்ளதான் சார். காத்து பார்த்து சொல்லிச்சு."

அப்பாவால் என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. புகையால் பயனடைந்தவன் நான் ஒருவனே.

அத்தை தட்டை வைத்துவிட்டு ஓடி, ஈரத் துண்டோடு வந்து அந்த அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். அவள் முகத்திலும் கண்ணீர் கோடு கோடாக ஓடியது.

"ஐயோ, உன் பவுடரெல்லாம் போச்சேம்மா!"

"பரவால்ல ஆன்ட்டி. பவுடர் இல்லாமலும் பார்த்துட்டீங்க, அப்புறம் ஏமாத்திட்டோம்னு சொல்ல முடியாது."

அந்த அம்மா இருமலுக்கு நடுவே விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்ளோ அழுதுட்டு சாப்பிடாம போறதா? இலையப் போடுங்க!"

அப்பா அடுப்பை அணைக்கச் சொன்னார். புகை போயேவிட்டது. ஆனால் அத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நிபுணன் சும்மா இருக்கலாமா?

"அத்தை, அடுப்புக்கு அந்தாண்ட போய் நில்லு. இப்போ காத்து இந்தப் பக்கம்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் அப்போதும் நிற்கவில்லை. அவளுக்குத்தான் புகை அதிகம் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டுவிட்டு, பந்தியில் இடம் பிடிக்க ஓடினேன்.