நைனாவின் நானோ மருந்து

நைனாவுக்குக் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த வாரமே, புதுச்சேரி டாக்டர் நானோ மருந்து ஏற்ற வேண்டும் என்றார். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "அது எதுலேர்ந்து வருதுன்னு தெரியாம ஒடம்புல ஏத்திக்க மாட்டேன்" என்றார். நாங்கள் செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். சின்னப் பூச்சிகூடச் சாகக் கூடாதென்று நைனா தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சோறு தொடமாட்டார். பெற்ற அப்பாவின் உயிர் போகிற நேரத்தில் என்ன விசாரணை என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவருக்குப் புரியவைக்கவே நுண்ணிய பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு இணையதளத்தைத் தேடிப் பிடித்தேன். எங்கள் வீட்டில் மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்காரவைத்து, போனைக் கையில் கொடுத்தேன். திரையில் ஒரு தலைமுடி. விரலால் தள்ளத் தள்ள அது பனைமரமாகத் தடித்தது. இன்னும் தள்ளினால் கிருமிகள். அதையும் தாண்டினால் மருந்துத் துகள், ஒரு உருண்டை. நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல தோலு மாதிரி இருக்குதே, அது இன்னா?"

தொட்டேன். ஆங்கிலத்தில் விளக்கம் திறந்தது: மனித ரத்தத்திலிருந்து எடுத்த புரதம். நைனாவுக்கு ஆங்கிலம் வராது. ஏதோ செடியிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டால் நாளைக்கே மருந்து ஏறும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மனுச ரத்தம் நைனா. அதுலேர்ந்து எடுத்தது."

போனை மடியில் வைத்துவிட்டார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "யாரையாச்சும் கொன்னு எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. ரத்தம் குடுத்தவங்களுது. அவங்க நல்லாத்தான் இருப்பாங்க."

"தெரிஞ்சி, மனசாரக் குடுத்ததா?"

"ஆமா."

"அப்ப போலாம்."

மருத்துவமனையில் அன்றைக்கு நல்ல கூட்டம். எங்கள் முறை வரவே சாயங்காலமாகிவிட்டது. பாட்டிலில் பாதி மருந்து இருக்கும்போதே வெளியே இருட்டிவிட்டது. நைனா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்து ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை அவர். நர்ஸைக் கூப்பிட எழுந்தேன்.

"நிறுத்தச் சொல்லட்டுமா நைனா?"

"வேணாம். யாரோ குடுத்தது. வீணாப் போவக் கூடாது" என்று சொல்லி, ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.