பொன்னுமணி போட்ட மூணாவது நிபந்தனை

ஞானதுரையின் ஏலக்காய்க் கிட்டங்கியில் அன்றைக்குப் பன்னிரண்டு சொளகும் ஒரே நொடியில் நின்றுபோயின. இடி விழுந்தாலும் காய் பொறுக்குவதை நிறுத்தாத பெண்கள் அவர்கள். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று வாய் ஊர்க்கதை பேசினாலும் விரல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த விரல்கள்தான் நின்றன. பொன்னுமணி, வாசலில் நின்ற ஓர் ஆம்பிளையின் முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டாள்:

“உங்களுக்கு இப்ப ஒரு பொண்டாட்டிதான வேணும்? நான் வர்றேன்.”

வாசலில் நின்றவன் ஒச்சப்பன். போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவன். அந்த ஆண்டு, எழுபத்தாறில், அவனைக் கங்காணியாக்குவதாக எஸ்டேட்டில் சொல்லியிருந்தார்கள். ஆடியில் காய்ப்பறிப்பு தொடங்கும்போது கீழே இருந்து இருபது பெண்களையாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிட்டங்கி இருந்த ராசிங்காபுரத்துத் தாய்மார்கள் ஒரே பேச்சாக நின்றார்கள். ஆறு மாதம் பிள்ளைகள் லயத்தில், எஸ்டேட்டின் வரிசை அறைகளில், தங்குவதென்றால் அங்கே கங்காணியின் பெண்டாட்டி இருக்க வேண்டும். பெண்டாட்டி இல்லாத கங்காணியை நம்பி ஒரு பிள்ளையும் வராது. ஆடி பிறந்தால் தாலி கட்ட முடியாது. ஆனி முடியப் பன்னிரண்டே நாள் இருந்தது.

கிட்டங்கியில் இருக்கும் மூத்த பெண் யாராவது துணைக்கு வந்து லயத்தில் இருப்பார்களா என்று கேட்கத்தான் பாவம் அவன் வந்தான்.

“மூத்தவகளுக்கு அட்டக்கடி ஆகுமாப்பா? பேசாம ஒரு கல்யாணத்தப் பண்ணித் தொல” என்றாள் மாயக்காள். அங்கே இருந்தவர்களில் அவள்தான் வயதானவள்.

“பன்னண்டு நாள்ல எவ வருவா அத்தே?”

அதற்குத்தான் பொன்னுமணியின் அந்தப் பதில்.

“அடியே, காய் வெடிச்ச மாதிரி உனக்கு மண்ட எதும் வெடிச்சிருச்சா?” என்று சந்திரவல்லி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பொன்னுமணி திரும்பவே இல்லை. “மூணு விசயம் இருக்கு. சம்மதம்னா மேல பேசுங்க. ஒண்ணு, எனக்குன்னு ஒரு ரூம்பு வேணும். உள்பக்கம் தாழ்ப்பா இருக்கணும். நான் தொறந்தாத்தான் அது தொறக்கணும். ரெண்டு, கை நீட்டக் கூடாது, குடிச்சிட்டு என் முன்னாடி நிக்கக் கூடாது. மூணு, சீசன் முடிஞ்சதும் என்னயக் கொண்டாந்து எங்கண்ணன் வாசல்ல விட்ரணும். இருக்கியா, போறியா, ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாது.”

ஒச்சப்பனின் வாய் பாதி திறந்தபடி நின்றது. ஆறடி ஆள். மூட்டை ஏலக்காயை ஒற்றைக் கையால் ஜீப்பில் ஏற்றுகிறவன். தலைத்துண்டை எடுத்தான், மறுபடி கட்டினான், மறுபடி எடுத்தான். கடைசியில், “சரி” என்றான்.

கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்த லில்லிக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஞானதுரையின் மகள் அவள். மதுரையில் காலேஜ் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அந்த மூன்று விஷயமும் எங்கே இருந்து வந்தன என்று அந்தக் கிட்டங்கியில் எல்லாருக்கும் தெரியும். லில்லி சொன்ன கதையில் இருந்து!

கதை வந்த விதம் இது. மலைமேல் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்தபோது புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். சாம்பிள் காய் மடிக்கத் தாள் ஆகுமே என்று ஞானதுரை ஒரு சாக்கு வாங்கிப் போட்டார். அதில் இருந்து லில்லி ஒரு தடித்த நாவலை எடுத்து, தினமும் படித்ததை மறுநாள் பொறுக்குகிற பெண்களுக்குத் தமிழில் சொன்னாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய சீமை. பெரிய பிரபு ஒருவன். முப்பது வயதுக்குள் கல்யாணம் முடிக்காவிட்டால் சொத்தெல்லாம் பங்காளிக்குப் போய்விடும் என்று தாத்தா உயில் எழுதி வைத்திருக்கிறார். பிரபு நேராக ஓர் ஏழைப் பாதிரியாரின் மகளிடம் போய், “பேருக்கு என் மனைவியாக இருப்பாயா?” என்று கேட்கிறான்.

கேட்டதும் கிட்டங்கியே கொதித்தது.

“நேர்லயா? பொண்ணுகிட்டயேவா? பெரிய மனுசங்க யாருமே இல்லயாக்கும்?”

“அவனுக்கு அக்கா மக இல்லயா? மாமன் மக இல்லயா? அம்புட்டுச் சொத்து இருந்து என்ன, முறப்பொண்ணு ஒண்ணுகூட இல்லாத வம்சமா!”

பொன்னுமணிக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பாதிரியார் மகள் பயப்படாமல் மூன்று நிபந்தனை போட்டாள் பாருங்கள், அங்கேதான் அவள் அப்படியே உறைந்துபோனாள். போட முடியுமா? ஒரு பொம்பளை அப்படிப் போட முடியுமா?

அவளுக்கு இருபத்தெட்டு வயது. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அண்ணன் காசிமாயன் வீட்டில் இருந்தாள். விடியுமுன் மாட்டுக்கொட்டம், பிறகு நாலு பிள்ளைகளுக்குச் சோறு, பிறகு கிட்டங்கி, திரும்பி வந்தால் மறுபடி கொட்டம். பெண் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரையும் காசிமாயன் ஏதேதோ சொல்லி அனுப்பிவிட்டான். அவள் போய்விட்டால் மாட்டை யார் பார்ப்பது? அந்த வீட்டில் அவள் படுப்பது அடுப்படிக்கும் நெல்லுக் குதிருக்கும் நடுவில். கதவு என்று ஒன்று அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

கதையின் முடிவை லில்லி முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். குளிர்காலம் முடிகிறது. சொன்ன சொல்படி பிரபு அவளை அப்பா வீட்டுக்கு வண்டியேற்றி அனுப்புகிறான். வண்டி வாசலைத் தாண்டும்போது மழையில் ஓடிவந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்துகிறான். “உன் நிபந்தனையை உடைக்கிறேன். போகாதே.” பன்னிரண்டு பெண்களும் அழுதார்கள். சந்திரவல்லிகூட.

ஆகவே மூணாவது நிபந்தனையைப் பொன்னுமணி போகவேண்டும் என்று போடவில்லை. அவன் அதை உடைக்கட்டும் என்று போட்டாள்!

ஆனி இருபத்தேழில் போடி முருகன் கோவிலில் தாலி கட்டு. காசிமாயன் வரவில்லை. “எங்க போயிருவா, சீசன் முடிஞ்சா வரவேண்டியவதான” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மாயக்காள்தான் பெண்வீட்டுக்காரியாக நின்றாள். இருபத்திரண்டு பெண்களோடு இரண்டு ஜீப்பு மேலே போயின.

லயத்துக் கடைசி அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. பொன்னுமணி அதைப் பார்த்துவிட்டு ஒச்சப்பனைப் பார்த்தாள். அவன் சட்டைப்பையில் இருந்து ஒரு புதுத் தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் எடுத்தான். போடியிலேயே வாங்கி வைத்திருக்கிறான்! உள்பக்கமாக அதை முடுக்கிக் கொடுத்துவிட்டுத் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் படுக்கப் போய்விட்டான். முதல் ராத்திரி அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவள் வெகுநேரம் அழுதாள். துக்கமே கிடையாது. அது எப்படிப்பட்ட அழுகை என்று அவளுக்கே புரியவில்லை.

அப்புறம் மழை, அட்டை, ஈரப் பாவாடை. செடிக்கு அடியில் குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகும். ஆனால் இருபத்திரண்டு பெண்களும் அவளைச் சுற்றியே இருந்தார்கள். காய்ச்சல் வந்தவளுக்குக் கஞ்சி, ஊர் நினைப்பில் அழுதவளுக்கு அதட்டல் என்று எல்லாம் அவள்தான். கதையில் பிரபுவுக்கு ஜுரம் வந்து, அவள் பணிவிடை செய்து, அப்போதுதான் மனசு இளகும். பொன்னுமணி சுக்கும் மிளகும் இடித்துத் தயாராகவே வைத்திருந்தாள். அந்த மனுஷன் ஒரு தும்மல் போடவேண்டுமே! கொட்டுகிற மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாடு மாதிரித் திரிந்தான். ஒருதரமாவது உடம்பு சுடவேண்டுமே!

கார்த்திகையில் லில்லி அப்பாவோடு காய் பார்க்க மேலே வந்தாள். ஞானதுரை ஸ்டோருக்குள் போனதும் பொன்னுமணியைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“யக்கா, என்னய அடிச்சாலும் அடிங்க. அந்தக் கதைக்கு முடிவே எனக்குத் தெரியாது.”

“என்ன பாப்பா சொல்ற?”

“கடைசித் தாளெல்லாம் அப்பா பின்னாடியில இருந்து கிழிச்சு சாம்பிள் மடிச்சிட்டாரு. வண்டி கெளம்புறது வரைக்கும்தான் புத்தகத்துல இருந்துச்சு. அவரு ஓடிவந்து தடுத்ததெல்லாம் நானாச் சொன்னது. நீங்க எல்லாரும் வாயவே பாத்துக்கிட்டு இருந்தீக. தெரியாதுன்னு சொல்ல மனசு வரலக்கா.”

பொன்னுமணிக்குக் காதுக்குள் ‘ஞொய்’ என்றது. கையில் இருந்த கூடை நழுவிப் பச்சைக் காய் சரிவெல்லாம் உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“அப்ப அவன் தடுக்கலயா?”

“தெரியலக்கா.”

“போக விட்டுட்டானா?”

“தெரியலயேக்கா!” லில்லி அழுதுவிட்டாள். “இன்னுமா அந்தத் தாழ்ப்பாவப் போட்டுக்கிட்டு இருக்கீக?”

“ஐப்பசியில இருந்து போடவே இல்ல புள்ள. அந்த மனுசன் கதவத் தொட்டாத்தான தெரியும்! சொன்ன சொல்லு சொன்ன சொல்லாவே நிக்கிறாரு. எட்டி நின்னு செருமிட்டு, சோலி என்னன்னு கேட்டுட்டுப் போயிர்றாரு.”

நினைத்துப் பாருங்கள். இல்லாத தாள்களை நம்பித் தன் வாயாலேயே தனக்கு ஒரு கதவைப் பூட்டிக்கொண்டாள். சீசன் முடிந்தால் அடுப்படி, குதிர், மாட்டுக்கொட்டம். நானாகப் போய் இருக்கிறேன் என்று சொல்லவா? சொன்ன பிறகு அவன், ‘சீசனுக்குத்தான நீ?’ என்று கேட்டுவிட்டால்? இருபத்திரண்டு பேர் இருக்கிற லயத்தில் அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? தை பிறக்கும்வரை அவள் சொல்லவில்லை.

கடைசி லோடு ஏறிய அன்று காலையில் அவள் அறையை விட்டு வெளியே வந்தால், அவளுடைய தகரப்பெட்டி ஏற்கெனவே ஜீப்பில் இருக்கிறது! ஒச்சப்பன் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கமே திரும்பவில்லை. ஜீப்பு மெட்டில் இருந்து இறங்கி, அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தது. ஒவ்வொருத்தியாக அவரவர் தெருவில் இறங்கினார்கள். இறங்கும்போது ஒருத்தியாவது அவள் கண்ணைப் பார்க்கவேண்டுமே!

காசிமாயன் வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றான்.

“வாங்க மாப்ளே, கொண்டாந்து விட்டாச்சா? ஏ புள்ள, வந்தவ வந்தபடியே மாட்டுக்குத் தண்ணியக் காட்டு. காலையில இருந்து கத்துது.”

ஆறு மாதம் கழித்துப் பார்க்கிற தங்கச்சியிடம் சொன்ன முதல் வார்த்தை! அவள் ஒச்சப்பனைப் பார்த்தாள். அவன் பெட்டியைத் தோளில் வைத்தபடி நின்றான். கீழே இறக்கவும் இல்லை, வாசல்படி ஏறவும் இல்லை. பெட்டியை மறு தோளுக்கு மாற்றினான், திரும்பவும் பழைய தோளுக்கே மாற்றினான். மூட்டை தூக்குகிற ஆளுக்கு இந்த லேசான பெட்டியா பாரம்?

“ஏங்க, ஒரு வார்த்த கேக்க மாட்டீகளா?”

“கேக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன.” குரல் அவனுடையதாகவே இல்லை. “கங்காணி சொல்லு மாறுனா நாளைக்கு எவ என்னய நம்பி மலையேறுவா? ஆறு மாசமா நாக்கக் கடிச்சுக்கிட்டுத்தான் கெடக்கேன்.”

பொன்னுமணி திகைத்துப்போனாள். ஆறு மாதமா? அப்படியானால் ஆடியில் இருந்தா!

“நான்தானய்யா சொன்னேன், இப்ப நான்தான் சொல்றேன், கேளும்யா!” என்று தெருவே கேட்கக் கத்தினாள். எதிர்வீட்டில் ஆட்டுக்கல் நின்றது.

“வர்றியா?” என்றான் அவன்.

அவள் போய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “ஏ, மாட்டுக்குத் தண்ணி...” என்று காசிமாயன் தொடங்கினான், முடிக்கவில்லை. வாயில் இருந்த குச்சி கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ சீசன் மேலே போனாள். எண்பத்துநாலில் ஒச்சப்பனுக்கு முழங்கால் போனபோது அவளே கங்காணியாக நின்று நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு போனாள். அதைக் கேட்டும் ஊர் வாயைப் பிளந்தது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. லயத்தைப் பூட்டியாயிற்று. இப்போது எங்கே போகிறோம்? கட்டினவனுக்கு வீடு எங்கே இருக்கிறது என்றுகூட அவள் கேட்டதில்லை!

“பொட்டிபுரம்” என்றான் ஒச்சப்பன்.

“அங்க யாரு இருக்கா?”

“எங்காத்தா. தீவாளிக்கு மருமகளக் கூட்டிட்டு வரலன்னு என்னய வாசல்லயே நிக்க வச்சுச் சோறு போட்டுச்சு.”

“ஆத்தாடி! நீங்க என்ன சொன்னீக?”

“சீசன் முடியட்டும்னேன். வேற என்னத்தச் சொல்ல?”

பொன்னுமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டியது. ஈரம் காயாத சேலை, எண்ணெய் காணாத தலை, முழங்கையெல்லாம் ஏலக்காய்க் கறை.

“வண்டிய நிறுத்தச் சொல்லுங்க” என்றாள். “மொதக் கடையிலயே நிறுத்தச் சொல்லுங்க. வெறுங்கையோட போயி அந்த ஆத்தா முன்னாடி எப்படி நிப்பேன்?”