பீடத்தில் வைத்த எஸ்எஸ்டி

மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது, அங்கிருந்த எங்கள் கல்லறைகளை இடிக்கும் முன்னே ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். எல்லாவற்றையும் எஸ்எஸ்டி என்ற கணினிச் சேமிப்புக் கருவியில் ஏற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, ஈப்போவில் என் வீட்டுப் பீடத்தில் வைத்தேன். இயேசு படத்துக்கு முன்னால் எப்போதும் எரியும் சிவப்பு பல்பு டின்னை உரசிக்கொண்டிருந்தது. தொட்டால் கையை முறிப்பேன் என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன். ஐந்து வருடம் யாரும் தொடவில்லை.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் கல்லறைப் படத்தைப் பெரிதாக்கலாம் என்று எஸ்எஸ்டியை வெளியே எடுத்தேன். கணினி அதைத் திறக்க மறுத்தது. கணினிக் கடைக்கு ஓடினேன்.

"எவ்ளோ நாளா கரண்டு குடுக்காம வச்சீங்க, அக்கா?" என்றார் கடைக்காரர்.

"அஞ்சு வருசம். பல்பு பக்கத்துல."

"ஐயோ, சூடு ஆகாதுலா."

படங்கள் உள்ளே மின்னூட்டமாகத்தான் இருக்கின்றனவாம். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த, கண்ணாடி போன்ற மெல்லிய சுவர் அதை அடைத்து வைத்திருக்கிறதாம். சூடு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடுமாம்.

அவர் தன் கருவியில் எஸ்எஸ்டியைச் செருகப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க, தம்பி."

"பாத்துதானே ஆகணும், அக்கா."

அம்மாவின் கல்லறைப் படம் திரையில் மேலிருந்து கீழாக இறங்கியது. சிலுவை வந்தது. பெயர் பொறித்த கல் தொடங்கும் இடத்திலிருந்து வெறும் சாம்பல் நிறம்.

"அடுத்தத தொறக்கவா?"

அடுத்தது அப்பா.